கணக்கில் வராத காற்று

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி மேற்கே பெங்களூரை நோக்கிப் பிரயாணம் செய்கிறவர், 1864-ஆம் ஆண்டிலேயே போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாதை சோமநாயக்கன்பட்டியையும் பச்சூரையும் மல்லானூரையும் கடந்து குப்பத்தை அடைவதற்குள், தாம் ஒரு மேட்டுநிலத்தின் விளிம்பில் ஏறிவிட்டதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மேனியால் உணர்ந்துவிடுவார். காற்றில் புழுக்கம் தணிந்திருக்கும். வெயில் அதே வெயிலானாலும் நிழல் குளிர்ந்திருக்கும். நடைமேடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் மாற்றிக்கொள்ளும். சித்தூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஒருபுறம் தமிழ்நாடும் மறுபுறம் கர்நாடகமும் நெருங்கி நிற்க, கடல்மட்டத்துக்குமேல் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். அந்த உயரம் மனித நுரையீரலுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் பழைய காலத்து மோட்டார் யந்திரத்துக்கு அது ஒரு பெரிய விஷயம். ஏனெனில் சென்னைக் கடற்கரையில் நிலவும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு இங்கே குறைவு, அந்தக் குறைவை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்ளும் ஸ்வபாவம் அந்த யந்திரத்துக்கு உண்டு.

மோட்டார் வண்டி பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்வது உலக வழக்கு. காற்றில் ஓடுகிறது என்று சொன்னால் அது உண்மைக்கு இன்னும் சற்று நெருங்கியதாக இருக்கும். ஒரு பங்கு எடைப் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய வேண்டுமானால் அதற்குச் சுமார் 14.7 பங்கு எடைக் காற்று தேவை என்பது ரசாயனம் வகுத்த நியதி. இதையே கனஅளவில் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சென்னையில் 9,000 லிட்டருக்கும் அதிகமான காற்று செலவாகும். காற்று மெலிந்திருக்கும் குப்பத்தில் அதே எடையைச் சேர்க்க ஏறக்குறைய 10,000 லிட்டரை உறிஞ்சியாக வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்குவதும், மானியில் பார்த்துக் கவலைப்படுவதும், விலை ஏறும்போது நொந்துகொள்வதும் அந்த ஒரு லிட்டரைப் பற்றித்தான். விலையின்றி வந்துபோகும் பத்தாயிரத்தைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. ஆனால் யந்திரத்தின் ஆரோக்கியமும் வியாதியும் பெரும்பாலும் அந்தப் பத்தாயிரம் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

இந்த உண்மையை எனக்குத் தெளிவாக்கியது குப்பத்துப் பட்டறை ஒன்றில் பழைய அம்பாஸடர் வண்டிக்குக் கார்புரேட்டரையும் இன்லெட் மேனிபோல்டையும் மாற்றிய வேலை. கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1957 முதல் 2014 வரை செய்து அனுப்பிய அந்த வண்டியை இந்தத் தலைமுறைக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. மந்திரிகளும் கலெக்டர்களும் அதில் போனார்கள். கல்யாண கோஷ்டியும் பிரசவ வேதனையில் இருந்த பெண்ணும் அதிலேயே போனார்கள். பின்னாளில் டீசல் யந்திரம் வந்ததும் சிற்றூர்களில் வாடகைக்கு ஓடிய வண்டிகள் பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டன; பெட்ரோல் யந்திரத்தோடு எஞ்சியவை, வாடகைக்கு அல்லாமல் பிரியத்துக்காக வைத்திருப்பவர்களிடமே தங்கின. அந்தப் பெட்ரோல் யந்திரம் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த 1489 கன சென்டிமீட்டர் யந்திரம். நான்கு சிலிண்டர்கள் கொண்டது. அதன் விலாவில் ஒரே ஒரு எஸ்.யூ. கார்புரேட்டர்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் கருவி என்று எண்ணிக்கொண்டிருப்பவர் பலர். உண்மையில் அது எதையும் தள்ளுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்குகையில் சிலிண்டருக்குள் ஒரு வெறுமை உண்டாகிறது. அந்த வெறுமையை நிரப்ப வெளிக்காற்று விரைகிறது. குறுகலான கழுத்தின் வழியே விரையும் காற்றின் அழுத்தம் அங்கே தாழ்கிறது. அந்தத் தாழ்வுக்கு ஈடாகப் பெட்ரோல் தானே மேலெழுந்து துளித்துளியாகச் சிதறி அதனோடு கலக்கிறது. ஆகவே கொடுப்பவன் என்று அங்கே யாரும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு குறை, அந்தக் குறையை நோக்கி விரையும் பதார்த்தங்கள், இரண்டும் எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்று நிர்ணயிக்கும் ஒரு துவாரம், அவ்வளவே. ஓடும் திரவம் குறுகிய வழியில் வேகம் கூடி அழுத்தம் குறையும் என்னும் தத்துவத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னூலியும் வெஞ்சூரியும் ஆராய்ந்து எழுதினார்கள். அதை மோட்டார் யந்திரத்துக்குப் பயன்படுத்தி, நுண்துளை வழியே எண்ணெயைத் தெளிக்கும் கார்புரேட்டரை ஜெர்மனியில் மேபாக்கும் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் 1893-ஆம் ஆண்டை ஒட்டி ஒருவரையொருவர் சாராமல் அமைத்தார்கள்.

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் சகோதரர்களின் பெயரால் வந்தது. காலணி வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்த அந்த ஆங்கிலேயர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாங்கள் செய்த முதல் கருவியில் தோலால் ஆன துருத்தியையே வைத்திருந்தார்கள் என்பது கேட்பதற்கு இனிய செய்தி. பிற்பாடு தோலின் ஸ்தானத்தை உலோகப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. இதன் சூக்ஷ்மம் எளிது. மற்றக் கார்புரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் கழுத்தின் அகலம் மாறாது. அகலம் மாறாததால் மெல்ல ஓடும்போதும் விரைந்து ஓடும்போதும் பெட்ரோலைச் சமன்செய்யப் பல துளைகளும் பல ஜெட்டுகளும் வேண்டியிருக்கும். எஸ்.யூ.வில் கழுத்தே தேவைக்குத் தக்கபடி விரிந்து சுருங்கும். யந்திரம் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குப் பிஸ்டன் எழும். பிஸ்டனின் அடியில் தொங்கும் கூர்ந்த ஊசி, ஒரே ஒரு ஜெட்டுக்குள் மேலேறவும் கீழிறங்கவும் செய்து, எழுந்த உயரத்துக்கு ஏற்றவாறு பெட்ரோலுக்கு வழிவிடும். வெறுமையின் அளவை உயரமாக மாற்றி, உயரத்தை ஒரு துவாரத்தின் இடைவெளியாக மாற்றி, காற்றையும் எண்ணெயையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிற இந்த ஏற்பாட்டைப் போல அடக்கமும் புத்தியும் சேர்ந்த யந்திர உறுப்புகள் அதிகம் இல்லை.

மேனிபோல்டுக்கு இத்தகைய புகழ் எதுவும் கிடையாது. அதில் அசையும் பாகம் ஒன்றுமில்லை. திருகாணியும் இல்லை, சரிசெய்வதற்கு என்று எந்த இடமும் இல்லை. கார்புரேட்டரில் கலந்த கலவையை வாங்கி யந்திரத்தின் தலைக்குக் கொண்டுசேர்ப்பது ஒன்றே அதன் கடமை. அம்பாஸடர் யந்திரத்தில் நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு வாயில்கள் இல்லை. முன்னிரண்டுக்குப் பொதுவாக ஒன்று, பின்னிரண்டுக்குப் பொதுவாக ஒன்று, ஆக இரண்டே வாயில்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் அதே பக்கத்தில், இதற்கு நேர் கீழே, இதனோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். கீழிருந்து வரும் சூடு மேலே உள்ள கலவையின் ஈரத்தை ஆவியாக்கட்டும் என்பது வடிவமைத்தவர்களின் யோசனை. யோசனை நல்லதே. ஆனால் கொதிக்கும் ஒன்றையும் குளிர்ந்த ஒன்றையும் உடன்கட்டி, இரண்டையும் ஒரே தட்டையான முகத்தில் பொருத்தி, பத்து இருபது வருஷங்கள் சூடேற்றியும் ஆறவிட்டும் வந்தால், என்றாவது ஒருநாள் அந்த முகங்கள் தட்டையாக இருப்பதை விட்டுவிடும். நூலளவு வளைவு போதும். காகிதமும் கல்நாரும் கொண்ட கேஸ்கட்டின் ஓரத்தில் ஒரு சந்து பிறந்துவிடும்.

நாம் அன்றாடம் காணும் கசிவுகளெல்லாம் வெளியே போகும் கசிவுகள். குழாயில் தண்ணீர் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். சைக்கிள் டியூபில் காற்று இறங்கினால் காதுக்குக் கேட்கும். மேனிபோல்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. யந்திரம் நிதானமாக நின்று ஓடும்போது அதன் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாதரச மானியை வைத்துப் பார்த்தால் கடலோர ஊர்களில் 18 அங்குலம் முதல் 20 அங்குலம் வரை வெற்றிடம் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஓர் அங்குலம் வீதம் குறையுமாதலால் குப்பத்தில் 16 முதல் 18 வரை காட்டினாலே ஆரோக்கியம். ஆகவே ஒரு சந்து உண்டானால் உள்ளிருப்பது வெளியே வராது. வெளியிலிருப்பது உள்ளே நுழையும். இளநீரைக் குடிக்கும் குழலில் நடுவே கீறல் விழுந்தால் நாம் உறிஞ்ச உறிஞ்ச வாயில் காற்றே நிரம்பி இளநீர் ஏறாமற்போவதை ஒத்த நிலைமை இது. எதுவும் சொட்டாது, எதுவும் குறையாது, கறை கூடப் படாது. நேர்ந்தது இழப்பு அல்ல, வரவு. கார்புரேட்டர் அறியாத, ஊசி அளக்காத, கணக்கில் எழுதப்படாத வரவு.

அந்த வண்டிக்கு வந்திருந்த நோயின் லட்சணங்கள் பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் பரிச்சயமானவை. காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பினால் ஒழுங்காக ஓடும். சூடேறியதும் ஐட்லிங் நிலையில்லாமல் ஏறும், இறங்கும். நாட்றம்பள்ளிப் பக்கமிருந்து ஏறிவரும் சாலையில் மேட்டில் இழுவை இல்லாமல் தளரும். சில சமயம் கார்புரேட்டரின் வாய் வழியாகவே பட்டென்று வெடித்துத் துப்பும். இத்தனையும் கண்டவர்கள் கார்புரேட்டரையே குற்றவாளியாக்கியிருந்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. திருகிப் பார்க்கக்கூடிய உறுப்பு அது ஒன்றுதான். திருகக்கூடியதன்மேல் பழி விழுவது யந்திர உலகத்தில் இயற்கை. முன்பு வேறோர் ஊரில் வண்டியைப் பார்த்தவர்கள் ஜெட்டின் அடியிலுள்ள நட்டைத் தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டியிருந்தார்கள். மெலிந்த கலவைக்கு எண்ணெய் சேர்த்தால் சரியாகும் என்பது பார்வைக்கு நியாயமான அனுமானமே. கொஞ்ச காலம் ஐட்லிங்கும் தணிந்து நின்றிருக்கும்.

குப்பத்துப் பட்டறையில் வயது முதிர்ந்த மெக்கானிக் முதற்காரியமாகச் செய்தது கார்புரேட்டரைத் தொடாமல் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கழற்றிய வரிசை மாறாமல் ஒரு துணியின்மேல் அடுக்கிவைத்ததுதான். முன்னிரண்டின் முனைகள் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தாற்போல் இருந்தன. பின்னிரண்டின் முனைகளில் கரி படிந்திருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு அவர், “கார்ப்பரேட்டர் சொல்றது பொய் இல்ல சார், ஆனா முழுசும் அதோட வேலை இல்ல. முன்பக்கம் எங்கியோ ஏர் இழுக்குது” என்றார். பிளக்குகளைத் திரும்பப் பூட்டி யந்திரத்தைக் கிளப்பிவிட்டு, ஆயில் கேனை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தின் முன்வாயில் பொருந்தும் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டார். சொட்டு உள்ளே இழுக்கப்பட்ட அந்தக் கணத்தில் யந்திரத்தின் குரல் மாறிற்று. அனுமானம் பிரத்தியட்சமானது.

இங்கே நின்று யோசிக்க வேண்டிய தர்க்கம் ஒன்று உண்டு. கார்புரேட்டர் ஒன்று, வாயில்கள் இரண்டு. முன்வாயிலில் திருட்டுக் காற்று நுழைந்தால் முதலிரண்டு சிலிண்டர்கள் மட்டும் பெட்ரோல் பற்றாமல் காய்கின்றன. அதைக் குணப்படுத்தக் கார்புரேட்டரில் எண்ணெயைக் கூட்டினால், கூட்டிய எண்ணெய் காய்ந்தவைகளுக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. எந்தக் குற்றமும் செய்யாத பின்னிரண்டு சிலிண்டர்களுக்கும் அதே அளவில் போகிறது. முன்னவை அப்போதும் முழுக்கத் தேறுவதில்லை. பின்னவை தேவைக்குமேல் உண்டு கரி கக்குகின்றன. முன்னே வால்வு எரிகிறது, பின்னே சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப்பசை பெட்ரோலால் கழுவப்படுகிறது. ஆனால் நான்கையும் கூட்டிச் சராசரி பார்த்தால் கலவை ஏறக்குறைய சரியாகவே இருக்கும். வண்டி ஓடும், ஓடுவதால் குணமாகிவிட்டதாக எண்ணப்படும். பழுதுபார்த்தல் என்னும் கலையில் இதைவிடக் கெட்ட முடிவு வேறு இல்லை என்று நான் நினைக்கிறேன். அடங்காத நோய் மறுபடி வைத்தியரிடம் கொண்டுவிடும், பாதி அடங்கிய நோயோ உறுப்பையே கொண்டுபோய்விடும்.

கழற்றிப் பார்த்தபோது இரண்டு குறைகள் வெளிப்பட்டன. கார்புரேட்டரில் திராட்டில் தட்டைத் தாங்கும் தண்டு பல்லாண்டு ஆடியாடி, அது உட்காரும் துளைகளை நீள்வட்டமாக்கியிருந்தது. விரலால் அசைத்தால் கடகடவென்று ஆடியது. அந்த வழியாகவும் காற்று நுழைந்துகொண்டிருந்தது. மேனிபோல்டின் முன்முகத்தில் வளைவோடு ஒரு மயிரிழை வெடிப்பும் இருந்தது. வளைவை நீக்கலாம், சூட்டில் விரிந்து குளிரில் மூடிக்கொள்ளும் வெடிப்பை நம்ப முடியாது. எனவே இரண்டையும் மாற்றுவதென்று தீர்மானமாயிற்று. எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இன்றும் இங்கிலாந்தின் ஸால்ஸ்பரி நகரில் பர்லன் என்னும் நிறுவனத்தாரால் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஆனால் நம் ஊர்ப் பழைய வண்டிக்காரர்கள் போகும் திருத்தலங்கள் சென்னையில் புதுப்பேட்டையும் பெங்களூரில் சிவாஜிநகரும்தாம். அங்கிருந்து வந்த கார்புரேட்டர் நல்ல நிலையில் இருந்தது. மேனிபோல்டும் முழுசாக இருந்தது, ஆனால் அதுவும் எந்த வண்டியிலோ வெந்து வளைந்ததுதான். முகத்தைச் சமப்படுத்தாமல் பூட்ட முடியாது.

சமப்படுத்தும் வேலையைச் செய்தவர் கோலார் தங்கவயலில் தொழில் பழகிய ஒரு லேத்துக்காரர். குப்பத்துக்கு அண்மையில் உள்ள அந்தச் சுரங்கங்களை 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் எடுத்து நடத்தத் தொடங்கியது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கி உழைத்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் அவை மூடப்பட்டபோது, பூமிக்குள் பழகிய கைகள் பிழைப்புத் தேடிப் பல திக்குகளுக்கும் போயின. இந்தப் பெரியவர் மேனிபோல்டை லேத்தில் ஏற்றவில்லை. குப்பத்துக் கருங்கல் ஆலை ஒன்றில் கண்ணாடிபோல் மெருகிட்ட பலகைக்கல்லை வைத்திருந்தார். அதன்மேல் எமரித்தாளை விரித்து, மேனிபோல்டைக் கவிழ்த்து, எட்டு வடிவத்தில் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்து ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் நுழைகிறதா என்று பார்த்தார். இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் தனித்தனியே தேய்க்கக் கூடாது, ஒன்றாகப் பூட்டியே தேய்க்க வேண்டும் என்பதை அவர் வற்புறுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. தனித்தனியே தட்டையான இரண்டு முகங்கள் சேர்ந்து நிற்கும்போது ஒரே தட்டாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை.

அவர் வேலைக்கிடையே சுரங்கத்துக் காற்றைப் பற்றிச் சொன்னார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே அனலாகக் காயும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை விசிறிகளால் அனுப்பாவிட்டால் மனிதன் நிற்க முடியாது. ஆனால் விசிறியை வைப்பது வேலையில் பாதிதான். வெட்டி முடித்து விட்டுவிட்ட பழைய சுரங்க வழிகள் ஆயிரம் இருக்கும். அவற்றை அடைக்காமலும் கதவிடாமலும் விட்டால், காற்று சுருக்கு வழியில் புகுந்து திரும்பிவிடும். விசிறி சுற்றும், மானியில் காற்றும் காட்டும், கடைசி முனையில் பாறை துளைக்கிறவனுக்கு மட்டும் மூச்சு போய்ச் சேராது. “மெஷின்ல கொறை இருக்காது, கதவுல இருக்கும்” என்றார் அவர். மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள சுரங்கத்துக்கும் மூன்று விரற்கடை அகலமுள்ள மேனிபோல்டுக்கும் ஒரே சாஸ்திரம் செல்லுபடியாவதை எந்தப் புத்தகமும் அவருக்குக் கற்பிக்கவில்லை. இரண்டிலும் கைவைத்த அனுபவம் ஒன்றே கற்பித்தது.

பூட்டும் கிரமம் அதிகம் விஸ்தரிக்க வேண்டியதன்று. பழைய கேஸ்கட்டின் எச்சத்தைத் தலையின் முகத்திலிருந்து கீறல் விழாமல் சுரண்டி எடுத்தார்கள். துருப்பிடித்த ஸ்டட்டுகளில் த்ரெட் போனதை மாற்றினார்கள். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் தமக்குள் சேரும் இடத்தைச் சற்றே தளர்வாக விட்டு, இரண்டையும் தலையோடு பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாய் மாறிமாறி முடுக்கி, அதன்பின்பே தளர்வாக விட்டதை இறுக்கினார்கள். ஒரேயடியாக ஒரு நட்டை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறவன், தேய்த்துச் சமப்படுத்திய முகத்தைத் தன் கையாலேயே மறுபடி வளைத்துவிடுகிறான். பிறகு கார்புரேட்டர் ஏறிற்று. பெட்ரோல் குழாய், சோக் கம்பி, ஆக்ஸிலரேட்டர் இணைப்பு எல்லாம் தத்தம் இடம் சேர்ந்தன. பிஸ்டனின் மேல் உள்ள குழலில் மெல்லிய எண்ணெய் விடப்பட்டது. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டபோது அது தடையின்றி இறங்கி டக் என்று உலோக ஓசையோடு அமர்ந்தது. ஊசியும் ஜெட்டும் ஒன்றையொன்று உரசவில்லை என்பதற்கு அந்த ஓசைதான் அத்தாட்சி.

யந்திரத்தைச் சூடாக்கிய பிறகு நடந்த டியூனிங், கார்புரேட்டர் காலத்தின் நாகரிகம் எத்தகையது என்பதைக் காட்டுவது. ஜெட்டின் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு முகம் ஒரு முகமாகத் திருப்ப வேண்டும். திருப்பியதும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். யந்திரம் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி நிற்கப்போனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் ஏறி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் விகிதம் சரி. இந்தப் பரீட்சைக்குக் கருவி எதுவும் வேண்டாம். செவி வேண்டும், அவசரமின்மை வேண்டும், உயரத்தையும் பருவத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளும் விவேகம் வேண்டும். சென்னையில் சரிசெய்த வண்டி இங்கே சிறிது பெட்ரோல் மிகுந்து ஓடும், காற்றின் எடை குறைந்ததால். அதைச் சரிசெய்து சமவெளிக்கு இறக்கினால் அங்கே சிறிது காயும். ஊருக்கு ஊர் மாறும் காற்றை ஊருக்கு ஊர் இருக்கும் மனிதர்கள் கணக்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்திருந்தது அந்தக் காலம்.

இப்போது கணக்கில் புதிய சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில், குப்பத்துக்கு அண்டை நகரமான பெங்களூரில் நடந்த விழாவில், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டுக்கு அறிமுகமாயிற்று. எத்தனாலின் எடையில் ஏறக்குறைய 35 விழுக்காடு பிராணவாயு. அதாவது இதுகாறும் காற்றின் வழியாகவே வந்துகொண்டிருந்த பிராணவாயுவில் ஒரு பகுதி இனி எண்ணெயின் வழியாகவே உள்ளே வருகிறது. பழைய ஊசியும் பழைய ஜெட்டும் அதை அறியா. அவை எண்ணெய் என்று அளந்து விடுவதிலேயே கொஞ்சம் காற்றும் ஒளிந்திருப்பதால் கலவை மெலிகிறது. குப்பத்தின் உயரம் கலவையைத் தடிப்பாக்கும், எத்தனால் அதை மெலிவாக்கும். ஒன்று மற்றொன்றை ஓரளவு ஈடுசெய்வது இந்த ஊர்ப் பழைய வண்டிகளுக்கு வாய்த்த தற்செயலான அதிர்ஷ்டம். ஆனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அது மெல்ல மெல்லக் கெடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. அவற்றையும் மாற்றியே ஆக வேண்டும்.

கார்புரேட்டரின் சரித்திரம் இந்த நாட்டில் முடிந்துவிட்ட சரித்திரம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதுவும் கார்புரேட்டர் வண்டிதான். அதன் பொருட்டே ஜப்பானின் மிகுனி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் 1985-இல் யூகால் தொடங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த புகைக் கட்டுப்பாடுகள் கார்களிலிருந்தும், 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 இருசக்கர வாகனங்களிலிருந்தும் அதை விலக்கின. விலக்கியது நியாயமே. ஊருக்கு ஊர் செவியால் சரிசெய்த கோடிக்கணக்கான யந்திரங்கள் கக்கும் புகையை ஒரு நகரத்தின் குழந்தைகள் சுவாசிக்கும்படி விடுவதற்கு எந்தப் பழம்பெருமையும் சமாதானமாகாது. பழையது எல்லாம் மேலானது என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனினும் புதிய யந்திரம் இந்தப் பழைய நோயை எவ்விதம் நடத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது. அதன் புகைக்குழாயில் ஓர் உணரி இருக்கிறது. புகையில் பிராணவாயு மிகுந்திருந்தால் உள்ளே காற்று அதிகம் என்று அது மின்மூளைக்கு அறிவிக்கும். மூளை உடனே பெட்ரோலைக் கூட்டும். மேனிபோல்டின் ஒரு வாயிலில் திருட்டுக் காற்று நுழைந்தாலும் அது செய்வது இதையேதான். நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றாய்ச் சேர்ந்து வந்த பிறகே உணரி முகர்கிறது, ஆகையால் அது அறிவது சராசரியை, திருத்துவதும் சராசரியை. காய்ந்த சிலிண்டர் முழுக்கத் தேறாது, மற்ற மூன்றும் மிகுந்து உண்ணும். ஈடுகட்டக்கூடிய எல்லை கடந்தால்தான் முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். வேறோர் ஊரில் ஜெட் நட்டைத் தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டியவர்கள் செய்த வைத்தியமும் இதுவே. அவர்கள் ஒருமுறை செய்ததை இந்தப் பெட்டி நொடிக்குப் பலமுறை, எவருக்கும் தெரியாமல், மிகுந்த துல்லியத்தோடு செய்கிறது என்பதே வித்தியாசம்.

துல்லியம் கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் துல்லியமான சராசரியும் சராசரிதான். பழைய வண்டி தன் நோயைத் துப்பியும் திணறியும் உரக்கச் சொன்னது. ஈடுகட்டத் தெரிந்த புதிய வண்டி நெடுநாள் சொல்லாமல் வைத்துக்கொள்ளும், சொல்லும்போதும் எந்தச் சிலிண்டரில் குறை என்பதை விட்டுவிட்டே சொல்லும். ஆகவே நான்கு பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் அடுக்கிப் பார்க்கிறவனுக்குக் கார்புரேட்டரோடு வேலை முடிந்துவிடவில்லை. மொத்தம் சரியாக இருக்கிறது என்று கருவி சொன்ன பிறகும், ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று கேட்பதற்கும், கூட்டுவதற்கு முன்னால் அடைப்பதற்கு எதுவும் உண்டா என்று தேடுவதற்கும் ஒரு மனிதன் வேண்டியிருக்கிறது. குப்பத்தைப் போன்ற ஊர்களில் அவனுக்குக் கிடைக்கும் கூலி, மாற்றிய கேஸ்கட்டின் விலையைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.